தம்பிக்காக இருந்த உபவாசம்

மூன்று மாதம் வாயைக் கட்டினால் போதும் என்றார் டாக்டர். மூன்று வருஷம் என்று சொல்லியிருந்தாலும் அந்த நாற்காலியில் உட்கார்ந்துகொண்டு நான் சரி என்றுதான் தலையாட்டியிருப்பேன். பக்கத்தில் என் தம்பி இருந்தான். அவனுக்கு இரண்டு சிறுநீரகமும் போய், வாரத்தில் மூன்று நாள் மெஷினில் ரத்தத்தைச் சுத்தம் செய்துகொண்டிருந்த காலம் அது. அவன் மனைவியின் ரத்தம் சேரவில்லை. என்னுடையது சேர்ந்தது. குறுக்கே நின்றது என் உடம்பிலிருந்த சர்க்கரை. நோய் என்று சொல்லும் அளவுக்கு இல்லை, ஆனால் பக்கத்தில் வந்துவிட்டது என்றார். மூன்று மாதச் சர்க்கரையைச் சேர்த்துக் காட்டும் பரிசோதனையில் ஆறு புள்ளி ஒன்று வந்திருந்தது. எடையும் கூடுதல். ஏழு கிலோ குறையுங்கள், அந்த எண்ணும் இறங்கட்டும், பிறகு ஆபரேஷன் தேதியைப் பேசலாம். ஏறிவிட்டால் உங்கள் சிறுநீரகத்தை யாரும் எடுக்க மாட்டார்கள் என்று ஹிந்தியில் நிதானமாகச் சொன்னார். தம்பி என் முகத்தைப் பார்க்கவில்லை. தன் செருப்பைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

நாங்கள் இருந்தது மராத்தி நாட்டில், கோர்படி ரயில்வே குவார்ட்டர்ஸில். அப்பா வேலூர்ப் பக்கத்திலிருந்து ரயில்வே வேலைக்கு வந்தவர். பிறகு தம்பிக்கும் அதே ரயில்வேயில் வேலை கிடைத்தது. நான் படித்தது மராத்திப் பள்ளிக்கூடத்தில். தமிழ் எழுத்தை வீட்டில் அப்பா கற்றுக்கொடுத்தார். ஹடப்சர் தொழிற்பேட்டையில், எண்ணெய் கசியாமல் அடைக்கும் ரப்பர் சீல் செய்யும் கம்பெனியில் சோதனை மேஜையில் எனக்கு வேலை. கல்யாணம் ஆகி ஒன்றரை வருஷத்தில் தம்பி வீட்டுக்கே திரும்பி வந்துவிட்டேன். என்னைக் கட்டியவர் ஏதோ சொன்னார், நான் சாவிக்கொத்தை அவர் மேல் வீசிவிட்டு, பையை எடுத்துக்கொண்டு ஆட்டோ ஏறிவிட்டேன். என்ன சொன்னார் என்பது இப்போது நினைவில்லை. வீசியது மட்டும் நன்றாக நினைவிருக்கிறது.

நான் அப்படித்தான். எனக்குக் கை முதலில் போகும், புத்தி பின்னால் மூச்சு வாங்கிக்கொண்டு வரும். பஸ் நிற்பதற்குள் குதிப்பேன். பேசி முடிப்பதற்குள் பதில் சொல்வேன். ஒரு பாக்கெட்டைப் பிரித்தால் அது முடிந்த பிறகுதான் என்ன பாக்கெட் என்று பார்ப்பேன். வீட்டில் எல்லாருக்கும் அது வேடிக்கையாக இருந்தது. "அக்காவுக்கு எல்லாம் எக்ஸ்பிரஸ்" என்று தம்பி கிண்டல் செய்வான். ஒரு உயிர் அதில் மாட்டிக்கொள்ளும் என்று யாரும் நினைக்கவில்லை.

தம்பி எனக்கு நேர் எதிர். ஒரு நாளைக்கு முக்கால் லிட்டருக்கு மேல் தண்ணீர் உள்ளே போகக்கூடாது என்று சொல்லியிருந்தார்கள். காலையில் ஒரு பாட்டிலில் அளந்து ஊற்றி வைத்துக்கொள்வான். காபி குடித்தால் அந்த அளவுக்குப் பாட்டிலிலிருந்து எடுத்துத் துளசிச் செடிக்கு ஊற்றுவான். உருளைக்கிழங்கை நறுக்கி, தண்ணீரில் நெடுநேரம் ஊறவைத்து, அந்தத் தண்ணீரைக் கொட்டிவிட்டுத்தான் அவனுக்குச் சமைக்க வேண்டும். வாழைப்பழம் கிடையாது, இளநீர் கிடையாது, உப்பு பேருக்குத்தான். மே மாத வெயிலில் நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொள்ள உட்கார்ந்திருப்பான், பாட்டிலில் கால்வாசி இருக்கும், தொட மாட்டான். "சாயந்திரம் மாத்திரைக்கு வேணும்" என்பான். அப்படி ஒருவன் எதிரில் உட்கார்ந்து சாப்பிட எனக்கு வெட்கமாக இருந்திருக்க வேண்டும். சில நாள் இருந்தது. சாப்பாடு தட்டுக்கு வந்ததும் போய்விடும்.

ஆஸ்பத்திரியிலேயே உணவு ஆலோசகர் ஒரு பெண் இருந்தாள். என்னைவிட இருபது வயது சின்னவள். வாய்க்கு வாய் "தாயி, தாயி" என்று அக்கா முறை வைத்து மராத்தியில் பேசினாள். காலையில் இது, பதினொரு மணிக்கு ஒரு பிடி வறுத்த கடலை, மதியம் இரண்டு புல்கா, ஒரு கிண்ணம் பருப்பு, தட்டில் பாதி காய், நாலு மணிக்கு மோர், இரவு சீக்கிரம், சாப்பிட்ட பிறகு நடை. அவ்வளவுதான். எனக்குச் சப்பென்று ஆகிவிட்டது. இவ்வளவுதானா என்று கேட்டேன். "இதுதான் கஷ்டம் தாயி, போகப் போகத் தெரியும்" என்று சிரித்தாள். பட்டினி மட்டும் கிடக்காதீர்கள் என்று சொல்லி, ஒரு தாளில் அந்த வரியின் அடியில் பேனாவால் இரண்டு கோடு போட்டுக் கொடுத்தாள்.

எனக்கு அவள்மேல் எரிச்சல்தான் வந்தது. தம்பி உயிருக்காகச் செய்கிற காரியம். அதில் இரண்டு புல்காவும் ஒரு கிண்ணம் பருப்பும் என்ன தியாகம்? வயிறு காய வேண்டாமா, கண் இருட்ட வேண்டாமா? யாராவது பார்த்து அடடா என்று சொல்ல வேண்டாமா? அப்போது இப்படி வார்த்தையாக நினைக்கவில்லை. ஆனால் உள்ளே ஓடியது இதுதான்.

அன்று மாலை தம்பி மனைவி அந்தத் தாளை ஃப்ரிட்ஜ் கதவில் ஒட்டினாள். அவள் வேலூரிலிருந்து கல்யாணம் ஆகி வந்தவள். மராத்தி ஓரளவு பேசுவாள். எழுத்துக் கூட்டிப் படிக்க வராது. நோட்டுப் புத்தகமும் பேனாவுமாக வந்து நின்றாள்.

"படிங்க அண்ணி, நான் தமிழ்ல எழுதிக்கிறேன். உங்களுக்கு இன்னா ஆக்கணும், இன்னா ஆக்கக் கூடாதுன்னு எனக்குத் தெரியணும் இல்ல?"

நான் படித்தேன். சாப்பிட வேண்டியவை ஒரு பக்கம், தவிர்க்க வேண்டியவை மறுபக்கம். சர்க்கரை, வெல்லம், மைதா, பேக்கரிப் பண்டம், பழச்சாறு என்று வரிசையாகச் சொல்லிக்கொண்டே வந்தேன். அடுத்த வரியில் ஜவ்வரிசி, சர்க்கரைவள்ளி, உபவாசப் பண்டங்கள் என்று இருந்தது. அதன் கீழே அந்த இரண்டு கோடு போட்ட வரி. என் கண் இரண்டு வரியையும் பார்த்தது. வாய் இரண்டையும் தாண்டி அடுத்த வரிக்குப் போய்விட்டது. அரை நொடிகூட இருக்காது. நாளை மறுநாள் ஆஷாட ஏகாதசி. கம்பெனியில் என் மேஜைப் பெண்கள் எல்லாரும் உபவாசம், நானும் இருக்கிறேன் என்று காலையில்தான் வாக்குக் கொடுத்திருந்தேன். ஆனால் அதை யோசித்து அந்த வரிகளை விட்டேன் என்று சொன்னால் அது பொய். யோசிக்கவே இல்லை. வாய் தாண்டியது, அவள் எழுதிக்கொண்டாள். பிறகு திருத்தியிருக்கலாம், அதற்கு மூன்று மாதம் இருந்தது. நான் இப்போது எழுதும் இதைப் படித்துத்தான் அவள் தெரிந்துகொள்ளப் போகிறாள். நேரில் சொல்ல எனக்குத் தைரியம் வரவில்லை.

இந்த ஊர் உபவாசத்தைப் பற்றி வெளியூர்க்காரர்களுக்குச் சொல்ல வேண்டும். அரிசி, கோதுமை, பருப்பு கூடாது. ஜவ்வரிசி கூடும், இங்கே அதைச் சாபுதானா என்பார்கள். ஊறவைத்த ஜவ்வரிசியை நெய்யில் போட்டு, சீரகம், பச்சை மிளகாய், உருளைக்கிழங்கு, வறுத்துப் பொடித்த வேர்க்கடலை, ஒரு சிட்டிகை சர்க்கரை சேர்த்துக் கிளறினால் கிச்சடி. உருளை வறுவல் கூடும், வாழைப்பழம் கூடும், பேரீச்சை கூடும், கடலை உருண்டை கூடும். கம்பெனி கேன்டீனில் உபவாசத் தட்டு என்றே தனியாக ஒரு வரிசை. எங்கள் மேஜையில் பன்னிரண்டு பெண்கள். ரப்பர் சீல் ஒவ்வொன்றையும் கையில் எடுத்து, அளவுக்கருவியில் நுழைத்துப் பார்த்து, சரியில்லாததைச் சிவப்புப் பெட்டியில் போடுவது எங்கள் வேலை. அதில் என்னை யாரும் குறை சொன்னதில்லை. கை வேகம் அங்கே நல்ல குணம்.

ஏகாதசியன்று காலையிலிருந்து பச்சைத் தண்ணீர் மட்டும் குடித்தேன். மேஜையில் ஒருத்தி, தம்பிக்காகவா என்று கேட்டாள். ஆமாம் என்றேன். அவள் எழுந்து வந்து என் தலையைத் தொட்டு, அந்தக் கையைத் தன் நெற்றியில் வைத்துக்கொண்டாள். மற்றவர்களும் வேலையை நிறுத்திவிட்டுப் பார்த்தார்கள். எனக்குக் கண்ணில் நீர் வந்துவிட்டது. அவ்வளவு சந்தோஷம். இரண்டு புல்கா சாப்பிட்டுவிட்டுப் போயிருந்தால் யார் என் தலையைத் தொட்டிருப்பார்கள்?

மதியம் கிச்சடி வந்தது. இரண்டு தட்டு சாப்பிட்டேன்.

அதற்குப் பிறகு ஷ்ராவண மாதம். திங்கள் ஒரு உபவாசம், சனி ஒரு உபவாசம். நடுவில் தேய்பிறைச் சதுர்த்தி. அது நிலா வந்த பிறகுதான் முடிக்க வேண்டும். வியாழனையும் நானே சேர்த்துக்கொண்டேன். ஒன்றுமே சாப்பிடாமல் இருப்பது எனக்கு எளிது. கதவை இழுத்துச் சாத்துகிற மாதிரி. அதில் ஒரு வேகம் இருக்கிறது, கோபம் இருக்கிறது, அது என் சுபாவத்துக்கு ஒத்துவந்தது. கொஞ்சமாகச் சாப்பிட்டு எழுந்திருப்பதுதான் என்னால் ஆகவில்லை. கதவைக் கொஞ்சம் திறந்தால் போதும், மொத்தமும் உள்ளே போய்விடும். உபவாசம் முடித்ததும் தட்டு நிறையச் சோறு. காலையிலிருந்து பட்டினி, இதுகூடக் கூடாதா என்று ஒரு நியாயம். மறுநாள் உபவாசம் இல்லாத நாள். ஆனால் அதற்கு மறுநாள் உபவாசம், அதனால் இன்றைக்குச் சேர்த்துச் சாப்பிடலாம் என்று இன்னொரு நியாயம். எனக்குள் இவ்வளவு பெரிய வக்கீல் இருப்பது அதுவரை தெரியாது.

பேக்கரி வேறு. ஹடப்சரில் நான் பஸ் ஏறுகிற நிறுத்தத்துக்குப் பின்னாலேயே அது இருந்தது. ஐந்தரை மணிக்கு க்ரீம் ரோல் போட்டு முடித்து அடுக்குவார்கள். பஸ்ஸுக்குத்தான் நிற்பேன். அடுத்த நிமிஷம் கையில் க்ரீம் ரோல் இருக்கும். நடுவில் நான் என்ன செய்தேன், என்ன கேட்டேன் என்று சொல்லவே முடியாது. ரோட்டுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு, நாலு வாயில் முடித்து, முந்தானையால் உதட்டைத் துடைத்துவிட்டுத் திரும்புவேன். ருசி கேட்டால் தெரியாது. பசி இருந்ததா என்றால் அதுவும் இல்லை. சாப்பிட்டு முடித்த அந்த நிமிஷம்தான் தம்பி ஞாபகம் வரும். அதற்கு முன்னால் ஒருநாளும் வரவில்லை. இதை நினைத்தால்தான் இன்றைக்கும் எனக்கு உடம்பு கூசுகிறது.

வீட்டில் எனக்கு மகாராணி உபசாரம். தம்பி மனைவி பக்கத்து வீட்டு மராத்திக்காரியிடம் கிச்சடி செய்யக் கற்றுக்கொண்டாள். தண்ணீர் கூடினால் களியாகிவிடும், குறைந்தால் பல்லில் கடிபடும் என்று கவலைப்பட்டு, விரல் அளவு வைத்து ஊறவைப்பாள். கடலையைத் தோல் நீக்கிப் பதமாக வறுப்பாள். அவள் அந்த மாதங்களில் ஒழுங்காக உட்கார்ந்து சாப்பிட்டு நான் பார்க்கவில்லை. தம்பிக்கு உப்பில்லாமல் ஒன்று, எனக்கு உபவாசத்துக்கு ஒன்று, ஆஸ்பத்திரிக்குப் போகும் நாளில் டப்பாவில் ஒன்று.

"இன்னும் ரெண்டு கரண்டி போட்டுக்கங்க அண்ணி. வெறும் வயித்தோட ட்யூட்டிக்குப் போறீங்க, மயக்கம் கியக்கம் வந்துடப் போவுது. இவருக்கோசரம்தானே எல்லாம்."

தம்பி அதே கூடத்தில் நாற்காலியில் இருப்பான். என் தட்டைப் பார்ப்பான். பிறகு டிவியைப் பார்ப்பான். ஊசி குத்திக் குத்திப் புடைத்துப் போன இடது கையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பான். ஒரு வார்த்தை சொன்னதில்லை.

விநாயகர் வந்து போனார். நவராத்திரியில் ஒன்பது நாளும் உபவாசம் இருந்தேன். தொழிற்சாலையில் என்னைத் தெரியாதவர்கள்கூட, தம்பிக்கு உறுப்பு கொடுக்கப் போகிற மதராஸி அக்கா என்று பேசினார்கள். தசரா முடிந்து நாலாம் நாள் ரத்தம் கொடுத்தேன். எடை இரண்டு கிலோ குறைந்திருந்தது. எனக்கு நம்பிக்கையாகவே இருந்தது. வக்கீல் அவ்வளவு நன்றாக வாதாடியிருந்தார்.

ஆறு புள்ளி நான்கு. ஏறியிருந்தது.

டாக்டர் தாளை இரண்டு முறை பார்த்தார். இன்னும் கொஞ்சம் ஏறினால் சர்க்கரை நோய் என்றே எழுத வேண்டியிருக்கும் என்றார். திட்டவில்லை. இன்னொரு மூன்று மாதம் பார்க்கலாம், ஆனால் உங்கள் தம்பிக்கு நேரம் போய்க்கொண்டே இருக்கிறது, மெஷினில் இருக்க இருக்க இதயம் தேயும் என்றார். வீட்டுக்கு வரும் வழியில் ஆட்டோவில் நான் பேசிக்கொண்டே வந்தேன். எங்கள் ரத்தத்திலேயே சர்க்கரை இருக்கிறது, அப்பாவுக்கும் இருந்தது, என்ன செய்தாலும் ஏறத்தான் செய்யும் என்று. தம்பி மனைவி வாசலிலேயே உட்கார்ந்து அழுதாள். அழுதுகொண்டே, "நீங்க இன்னா அண்ணி பண்ணுவீங்க, இதுக்கு மேல ஒரு மனுஷி இன்னா பண்ணுவா" என்று என் முதுகைத் தடவினாள்.

அந்த ஞாயிற்றுக்கிழமை அவள் காய்கறி வாங்க மண்டிக்குப் போயிருந்தாள். தம்பி என்னைப் பின்பக்கம் கூப்பிட்டான். அங்கேதான் துணி காயப்போடுகிற இடம், அதற்கப்பால் தண்டவாளம். ஒரு கூட்ஸ் வண்டி போய்க்கொண்டிருந்தது. அது போய் முடியும்வரை காத்திருந்து பேசினான்.

"அக்கா, ஒண்ணு கேட்டா கோச்சிக்க மாட்டியே?"

"கேளு."

"அந்தக் காயிதத்துல சாபுதானா வாணாம்னு போட்டு இருந்துச்சு. பாத்தே இல்ல?"

அவனும் என்னோடு அதே மராத்திப் பள்ளிக்கூடத்தில் படித்தவன். ஃப்ரிட்ஜைத் திறக்கும்போதெல்லாம் அந்தத் தாள் அவன் முகத்துக்கு நேராக இருந்தது. இது எனக்கு ஏன் தோன்றவில்லை என்று இன்றுவரை தெரியவில்லை.

"நீ எப்ப பாத்தே?"

"மொத நாளே."

எனக்கு வெட்கம்தான் வந்திருக்க வேண்டும். வந்தது கோபம். "மொத நாளே பாத்துட்டு மூணு மாசம் சும்மா குந்திக்கினு இருந்தியா? ஒரு வார்த்த சொல்றதுக்கு இன்னாடா உனக்கு? உன் உசுருதானே?" என்று கத்தினேன். பக்கத்து வீட்டு ஜன்னல் திறந்தது.

"இன்னான்னு சொல்றது அக்கா? கிட்னி குடுன்னு கேக்கறதுக்கே எனக்கு ஒரு மாசம் ஆச்சு. அத நீ குடுக்கறேன்னுட்டே. அதுக்கு மேல தெனம் உன் தட்டுகிட்ட நின்னுகினு அத துண்ணாத, இத துண்ணாதன்னு எந்த வாயால சொல்லுவேன்?"

நான் துணிக் கொடியைப் பிடித்துக்கொண்டேன்.

"நீயா வுட்டுடுவேன்னு பாத்தேன். ஒரு நாளு, ரெண்டு நாளு. அப்புறம் எண்ண ஆரம்பிச்சிட்டேன் அக்கா. நீ எத்தினி வாய் துண்றேன்னு எண்றேன். கூடப்பொறந்தவ சோறு துண்றத எண்ணிகினு குந்தி இருக்கேன். இந்தப் பொழப்பு எனக்கு வாணாம். மெஷினே போதும். டாக்டர்கிட்ட நான் சொல்லிட்டேன்."

"இன்னும் மூணு மாசம்டா. இந்தத் தடவ சத்தியமா…"

"வாணாம்க்கா." அவன் குரல் உயரவே இல்லை. "ஒண்ணு மட்டும் செய். அவகிட்ட சொல்லிடாத. அவ கையாலதான் ஊற வெச்சி ஆக்கிப் போட்டா. தெரிஞ்சா தாங்க மாட்டா."

அவன் உள்ளே போய்விட்டான். நான் அங்கேயே நின்றேன். என்னைத் திட்டியிருந்தால், அடித்திருந்தால்கூடப் பதிலுக்கு ஏதாவது செய்திருப்பேன். எண்ணினேன் என்று சொன்னவனை என்ன செய்வது?

அதற்குப் பிறகு நான் யாரிடமும் எதையும் அறிவிக்கவில்லை. உபவாசத்தை விட்டுவிட்டேன். மேஜையில் கேட்டார்கள், உடம்பு சரியில்லை என்றேன். என் தலையை யாரும் தொடவில்லை. அந்த ஆலோசகர் பெண்ணிடம் திரும்பப் போய் மேஜையில் தலையைக் கவிழ்த்துக்கொண்டு எல்லாவற்றையும் சொன்னேன். அவள் அதிர்ச்சியெல்லாம் அடையவில்லை. மனசை நம்பாதீர்கள் தாயி, பேக்கரி எங்கே இருக்கிறது என்று பாருங்கள் என்றாள். அடுத்த நாளிலிருந்து ஒரு நிறுத்தம் முன்னால் நடந்து போய் பஸ் ஏறினேன். பையில் பஸ் பாஸைத் தவிர ஒன்றும் வைத்துக்கொள்ளவில்லை. வீட்டில் தட்டில் போட்டதும் பாத்திரத்தை உள்ளே எடுத்துப் போய்விடச் சொன்னேன். பதினொரு மணிக்கு ஒரு பிடி கடலை. நாலு மணிக்கு மோர். இரண்டு புல்கா. யாரும் பார்க்காத, யாரும் மெச்சாத, சலிப்பூட்டுகிற வேலை. அவள் சொன்னது சரிதான், அதுதான் கஷ்டமாக இருந்தது. எத்தனையோ நாள் தவறினேன். தவறிய மறுநாள் பட்டினி கிடக்கக் கை பரபரத்தது. கிடக்காமல் இரண்டு புல்கா சாப்பிட்டேன். அழுதுகொண்டே சாப்பிட்ட நாளும் உண்டு. ஒன்பது மாதத்தில் ஒன்பது கிலோ குறைந்தது. வீட்டில் சொல்லாமல் ரத்தம் கொடுத்தேன். ஐந்து புள்ளி ஆறு.

அந்த ரத்தப் பரிசோதனைத் தாளை மடிக்காமல் ஒரு உறைக்குள் போட்டு, தம்பி மெஷினில் படுத்திருந்த நாளில் நேராக டாக்டரிடம் கொண்டுபோனேன். அவர் பார்த்துவிட்டு, நன்றாகச் செய்திருக்கிறீர்கள் என்றார். பிறகு தம்பியின் ஃபைலை எடுத்தார். போன மாதம் இதயத்தை ஸ்கேன் செய்திருந்தார்கள். அது ரத்தத்தை அடித்துத் தள்ளும் பலம் பாதிக்குப் பாதி குறைந்திருந்தது. இதய டாக்டர் ஆபரேஷனுக்குக் கையெழுத்துப் போட மாட்டார், மயக்க மருந்தையே தாங்காது என்றார். இதை அவனிடம் சொல்லிவிட்டீர்களா என்று கேட்டேன். சொல்லிவிட்டோம், உங்களிடம் சொல்ல வேண்டாம் என்று கேட்டுக்கொண்டார் என்றார்.

அவன் படுத்திருந்த இடத்துக்குப் போனேன். கையில் உறையைப் பார்த்ததும் வாங்கிப் பிரித்தான். மெஷின் ஓடிக்கொண்டிருந்ததால் ஒரு கையாலேயே பிரித்தான்.

"நல்லா வந்து கீதே அக்கா!" அவன் முகம் மலர்ந்தது. நடிப்பில்லை; அவனுக்கு நடிக்க வராது. "வுட்டுடாத. இப்படியே புடிச்சிக்கோ."

அதற்குப் பிறகு பதினான்கு மாதம் இருந்தான். ஒரு நாள் காலையில் மெஷினுக்குக் கிளம்பச் சட்டை போடும்போது கட்டிலில் உட்கார்ந்தவன் சாய்ந்துவிட்டான். நாற்பத்தொரு வயது.

பதினாறாம் நாள் காரியம் முடிந்த மறுநாள், தம்பி மனைவி வேலூருக்குக் கிளம்ப மூட்டை கட்டிக்கொண்டிருந்தாள். குவார்ட்டர்ஸைக் காலி செய்ய வேண்டும். நான் பாத்திரங்களைக் காகிதத்தில் சுற்றிக் கொடுத்துக்கொண்டிருந்தேன். நடுவில் அவள் என் கையைப் பிடித்து உட்காரவைத்தாள். இளைத்துப் போயிருந்தாள். ஆனால் முகத்தில் ஒரு அமைதி இருந்தது.

"அண்ணி, நான் தெனமும் இத நெனச்சிதான் தூங்கறேன். அவர காப்பாத்த முடியல. ஆனா நம்மால இன்னா ஆவுமோ அத ஒண்ணு வுடாம செஞ்சோம். அந்த மூணு மாசமும் நீங்க நாளு தப்பாம விரதம் இருந்தீங்க. நான் ஒரு நாளும் சலிச்சிக்காம உங்களுக்கு ஆக்கிப் போட்டேன். நம்ம பக்கம் ஒரு கொறையும் இல்ல. அந்த ஒரு நிம்மதி போதும் எனக்கு. இல்லியா அண்ணி?"

ஆமாம் என்றேன்.